பாரி மகளிர் சொல்லாமல் விட்டது

புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் பெயர் இல்லை. முல்லைக் கொடிக்கு அவன் கொடுத்த தேர் இல்லை. பரிசிலர் பெற்றுப்போன முந்நூறு ஊர் இல்லை. மூவேந்தரை எதிர்த்து நின்ற வீரமும் இல்லை. மொத்தம் ஐந்தே அடி. அதற்குள் ஒரு நிலவு, ஒரு குன்று, வென்றவர்களின் முரசு, தந்தை இருந்த நாள், தந்தை இல்லாத நாள். பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை என்று தொகுத்தவர்கள் வகுத்திருக்கிறார்கள். பாடியவர் பாரி மகளிர் என்று மட்டும் குறிப்பு சொல்கிறது. அங்கவை, சங்கவை என்று நாம் வழங்கும் பெயர்கள் பிற்கால மரபு தந்தவை. தந்தையை இழந்த பிள்ளைகள் பேசுவதாகத் தமிழில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சொற்களில் இவையும் சேரும். நாடே புகழ்ந்த ஒருவனைப் பற்றி அவன் பெற்ற பெண்கள் பேசும்போது புகழ்ச்சி ஒன்றுகூட வரவில்லை என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். அவலச்சுவைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று படித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். இறந்துபோன தந்தையை எப்படி நினைப்பது என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடை சரியானது, இன்றைக்கும் நமக்குத் தேவையானது என்பதே இந்தக் கட்டுரையில் நான் வாதிட விரும்புவது.

பாரியைப் புகழ்வதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கபிலர் இருந்தார். பறம்பு மலையில் அவனோடு வாழ்ந்தவர். அவன் மாண்டபின் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றவர். நமக்குத் தெரிந்த பாரி பெரும்பாலும் கபிலர் தந்த பாரிதான். புலவர்கள் எல்லோரும் பாரி ஒருவனையே புகழ்கிறார்களே, உலகத்தைக் காக்க மாரியும் இருக்கிறதே என்று அவர் பாடியதில் மழைக்கு நிகராக ஒரு மனிதன் எழுந்து நிற்கிறான். கபிலரும் வெறும் புகழ்ச்சிக்காரர் அல்லர். உழவர் உழாமலே பறம்பு தரும் நான்கு விளைபொருள்களை ஒரு பாட்டில் வரிசைப்படுத்துகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மலையை முற்றுகையிட்டவர்களுக்குச் சொன்ன கணக்கு அது. ஆனால் கபிலரின் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ஒருவர் நிற்கிறார். முற்றுகையிடும் வேந்தர் நிற்கிறார்கள்; பெண் கொள்ளத் தயங்கும் குறுநிலத் தலைவன் நிற்கிறான்; பாரியை அறியாத உலகம் நிற்கிறது. அவர்களை நம்பச்செய்ய வேண்டிய கடமை கபிலருக்கு இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு யாரையும் நம்பச்செய்ய வேண்டியதில்லை. தங்கள் தந்தை நல்லவர் என்பதை அவர்கள் யாருக்கும் நிறுவவில்லை. போன மாத நிலவில் எங்களுக்கு என்ன இருந்தது, இந்த மாத நிலவில் என்ன இல்லை என்பதை மட்டும் சொல்கிறார்கள். புகழுரைக்குக் கேட்பவர் வேண்டும். நினைவுக்குக் கேட்பவர் தேவையில்லை.

இதிலிருந்து ஒரு சோதனையை வகுத்துக்கொள்ளலாம். வேறொரு வீட்டுப் பிள்ளை தன் தந்தையைப் பற்றி ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்லிவிடக்கூடிய வாக்கியம் எதுவோ, அதில் நம் தந்தை இல்லை. தெருமுனையில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். பாசமிகு தந்தை, பண்பின் சிகரம், குடும்பத்தின் ஆலமரம், இறைவனடி சேர்ந்தார். பெயரையும் படத்தையும் மாற்றினால் அடுத்த தெருவுக்கும் அதே சுவரொட்டி பொருந்தும். அச்சகத்தில் வாசகம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. படத்தில்கூட அவர் வழக்கமாக உடுத்திய சட்டை இருப்பதில்லை. கணினியில் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் பார்க்கலாம். கீழே மகன், மருமகள், பேரன் பெயர்கள் வரிசையாக வரும்; அவர்கள் படிப்பு, வேலை, இருக்கும் நாடு எல்லாம் அடைப்புக்குறிக்குள் வரும். இறந்தவர் நாற்பது ஆண்டு என்ன வேலை செய்தார் என்பது பல சமயம் வராது. அவர்கள் தந்தையை நேசிக்கவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இரண்டு மணி நேரத்தில் வாசகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் கிடைத்த சொல்லைக் கொடுக்கிறார்கள். நான் குறை காண்பது அந்த இரண்டு மணி நேரத்தை அல்ல. அதற்குப் பிறகு வரும் பத்து, இருபது ஆண்டுகளிலும் அதே சொற்களோடு நாம் நின்றுவிடுவதைத்தான்.

112ஆம் பாட்டை உண்மையில் பாரியின் பெண்கள்தான் பாடினார்களா, ஒரு புலவர் அவர்கள் வாயில் வைத்துப் பாடியதா என்று ஒருவர் ஐயப்படலாம். ஐயம் நியாயமானது, ஆனால் வாதத்தை அது அசைக்காது. புலவர் ஒருவர் பாடியதென்றே வைத்துக்கொண்டாலும், தந்தையை இழந்த பெண் எதைச் சொல்வாள், எதை விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குன்றும் இல்லாத, முரசும் கேளாத எத்தனையோ பேர் தங்கள் தந்தை இறந்தபோது இந்தப் பாட்டை நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் இதுவும் எல்லோருக்கும் பொருந்தும் சொல்தானே, உன் சோதனையில் இதுவும் தோற்கிறதே என்பது அது. தோற்கவில்லை. மற்றவர்கள் இதைத் தங்கள் தந்தையைப் பற்றிய செய்தியாகச் சொல்வதில்லை. பாரியின் பெண்கள் நின்ற இடத்தில் போய் நின்று பார்க்கிறார்கள். அப்படிப் போய் நிற்க இடம் ஒன்று இருக்க வேண்டும். பறம்பு என்ற இடம், ஒரு மாதம் என்ற இடைவெளி, கையை விட்டுப் போன மலை ஆகியவை அந்த இடத்தைத் தருகின்றன. ‘எங்கள் தந்தை உயர்ந்தவர், அவர் பிரிவால் வாடுகிறோம்’ என்று அந்தப் பெண்கள் பாடியிருந்தால் இரண்டாயிரம் ஆண்டு கழித்து யாரும் அங்கே போய் நின்றிருக்க மாட்டார்கள்.

சோதனையை இன்றைய வீடு ஒன்றுக்குக் கொண்டுவருவோம். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவர். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலையும் உடல் நூலையும் கோத்துப் பூட்ட வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓடும். ஒருவரால் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி, அல்லது பள்ளி விட்டு வந்த பிள்ளை. முந்தியை உடலோடு இணைக்கும்போது பாவின் இழைகளையே ஒவ்வொன்றாக மாற்றிப் பிணைக்கிறார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். கோர்வைக்கு உட்கார்ந்த பிள்ளைக்குத் தந்தையைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாதது தெரியும். எந்த நேரத்தில் அவர் கை தளரும், இழை அறுந்தால் திட்டுவாரா பேசாமல் முடிச்சுப் போடுவாரா, எந்த நிறச் சேர்க்கையை மனதுக்குள் வெறுத்துக்கொண்டே நெய்தார், கூலி குறைந்த வாரம் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தார் என்பதெல்லாம். அந்தத் தறி விற்றுப்போய், அந்தப் பிள்ளை சென்னையில் வேறு வேலையில் இருக்கும்போது, தந்தையின் நினைவுநாள் விளம்பரத்தில் ‘பாசமிகு’ என்ற சொல் வருகிறது. தந்தை பாசமாகத்தான் இருந்தார். ஆனால் அந்தப் பாசம் கோர்வை போட்ட பக்கத்தில் இருந்தது. அதைச் சொன்னால் பாசம் என்ற சொல்லே தேவைப்படாது.

இப்படிச் சொன்னவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் 1940இல் எழுதத் தொடங்கி 1942இல் இறக்கும்வரை எழுதினார், 122 அத்தியாயங்கள், முடிவு பெறவில்லை. தந்தை வேங்கடசுப்பையர் மறைந்து பல பத்தாண்டு ஆகிவிட்டிருந்தது; எழுதுகிறவருக்கே வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. அவர் ‘என் தந்தையார் உத்தமர்’ என்று நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மாறாக நமக்குக் கிடைப்பது கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்று, ஊர் ஊராகப் போய் இராமாயணம் பாடிப் பிரசங்கம் செய்து, ஆதரிப்பவர்களைத் தேடி அலைந்து குடும்பம் நடத்திய ஒரு மனிதர். அரியலூர், குன்னம், கார்குடி என்று அந்தக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கக்கூடியவர் எங்கே இருக்கிறார் என்பதும் அந்த இடமாற்றங்களில் ஒரு காரணமாகிறது. மகன் இசையில் தேற வேண்டும் என்ற ஆசை தந்தைக்கு இருந்தது. மகனின் மனமோ தமிழில் கிடந்தது. கடைசியில் 1871இல் மாயூரத்துக்கு மகனை அழைத்துப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தவர் அந்தத் தந்தைதான். ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இசையில் பற்று இல்லை. மகன் அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்றுக்கொண்டிருந்த பாட்டும் நின்றது. தன் ஆசையை விட்டுக்கொடுத்த ஒரு தந்தையின் அளவு இந்தச் செய்திகளிலிருந்து நமக்குத் தானாகத் தெரிகிறது. அதோடு நிற்காமல் தந்தையின் குருவான கனம் கிருஷ்ணையரைப் பற்றி உ.வே.சா. தனியே ஒரு நூலும் எழுதினார். தந்தை யாரை வணங்கினாரோ அவரைப் பற்றிய செய்தியைத் திரட்டி வைப்பதும் தந்தையை நினைப்பதுதான். இதைவிடப் பெரிய திதி இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விவரத்தைத் தேடுவது அன்பின் வேலை அல்ல, மனத்தாங்கலின் வேலை என்று ஒரு கருத்து உண்டு. தந்தையோடு கணக்குத் தீர்க்க வேண்டியவர்கள்தான் நுணுக்கமாக எழுதுகிறார்கள், அன்பு உள்ளவர்கள் மௌனமாக இருப்பார்கள் என்பார்கள். இதற்குச் சான்றாக எழுத்தாளர் காஃப்காவைக் காட்டலாம். 1919 நவம்பரில் தன் தந்தைக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் எலும்பைக் கடிக்கக்கூடாது, தந்தை கடிக்கலாம். தரையில் துணுக்கு சிந்தக்கூடாது, கடைசியில் அதிகம் கிடந்தது தந்தையின் காலடியில். இரவில் தண்ணீர் கேட்டு அழுத சிறுவனைத் தூக்கி வெளியே நிறுத்திவிட்டார். இத்தனையும் ஒரு மகன் மனதில் முள்ளாகத் தங்கியவை. காயம் எதையும் மறக்காது என்பது உண்மை. ஆனால் துல்லியத்தை முழுக்கக் காயத்திடம் விட்டுக்கொடுப்பது ஏன்? வெறுப்பு ஒரு மனிதரை இத்தனை கூர்ந்து பார்க்கும்போது, அன்பு அவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் அது அன்புக்குக் குறைவுதான்.

அன்போடும் துல்லியமாக எழுத முடியும் என்பதற்குப் பிரெஞ்சு எழுத்தாளர் அனி எர்னோ 1983இல் எழுதிய ‘லா பிளாஸ்’ என்ற சிறு நூல் சாட்சி. நார்மண்டியில் இவ்தோ என்ற சிற்றூரில் மளிகைக் கடையும் காப்பிக் கடையும் நடத்தியவர் அவர் தந்தை. அதற்குமுன் பண்ணையாள், ஆலைத் தொழிலாளி. மகள் ஆசிரியர் தேர்வில் தேறிய இரண்டு மாதத்தில், 1967இல், இறந்தார். முதலில் அவரை வைத்து நாவல் எழுத முயன்று பாதியில் எர்னோ நிறுத்திவிடுகிறார். தேவைகளுக்குள் அடங்கி வாழ்ந்த ஒரு வாழ்க்கையைச் சுவையான கதையாக்கும் உரிமை தனக்கு இல்லை என்று முடிவு செய்து, தந்தையின் பேச்சு, அவர் ருசி, அவர் வாழ்வின் அடையாளங்களை அலங்காரமற்ற நடையில் திரட்டுகிறார். தந்தை கத்தியால் வெட்டி வெட்டிச் சாப்பிடுவதும் சரியாகப் பேசத் தெரியவில்லையே என்ற அச்சத்தில் வெளியாரிடம் வாயடைத்துப்போவதும் அதில் வருகின்றன. அவர் இறந்தபின் பணப்பையில் செய்தித்தாள் துணுக்கு ஒன்று கிடைக்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு முடிவுகள், தகுதி வரிசையில். இரண்டாவது பெயர் மகளுடையது. இந்த இடத்தில் எர்னோ ஒரு சொல்லைக்கூடக் கூட்டுவதில்லை. படித்து மேலே போன மகளும் கடைக்காரத் தந்தையும் ஒருவரோடொருவர் பேச மொழியில்லாமல் போனதையும் அந்த நூல் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே நூலில் இருப்பதால்தான் பணப்பையில் இருந்த அந்தக் காகிதத்தின் எடை நமக்குத் தெரிகிறது.

இங்கே ஒப்பாரி எழுந்து என்னை மறுக்கும். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தந்தைக்கு மகள் வைக்கும் ஒப்பாரியில் பொன்னும் முத்தும் மாளிகையும் பல்லக்கும் வரும். ஓட்டு வீட்டுக்கும் வழியில்லாதவரைத் தங்கமலை என்பாள். வாய்பாடான வரிகள்தான், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறி ஓடிக்கொண்டிருப்பவை. என் சோதனையின்படி இவை எல்லாம் தோற்க வேண்டும். ஆனால் ஒப்பாரியைக் கேட்டவர் எவரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார். காரணத்தைத் தேடினால் வாய்பாட்டின் இடுக்கில்தான் அது கிடைக்கிறது. ஒப்பாரி வைக்கும் பெண் அந்த வரிகளுக்கு நடுவே தன்னை நுழைத்துவிடுகிறாள். இனி பிறந்த வீட்டு வாசலில் யாரை நம்பி வந்து இறங்குவேன், அண்ணன் பெண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா, சீர் கொண்டு யார் வருவார், புகுந்த வீட்டில் பட்டதை இனி யாரிடம் சொல்வேன் என்று அவள் தன் வழக்கை வைக்கிறாள். பாரியின் பெண்கள் குன்று போனதைச் சொன்னதும் இவள் பிறந்த வீடு போனதைச் சொல்வதும் ஒரே வகையான பேச்சு. பொன்னும் முத்தும் தாளம்போல ஓட, செய்தி அவளுடையதாக இருக்கிறது. அதோடு அந்த வாய்பாட்டை அந்த வீட்டில், அந்த உடலின் பக்கத்தில், உடைந்த ஒரு குரல் தாங்குகிறது. அச்சிட்ட காகிதத்துக்கு அந்தக் குரல் இல்லை. ஒப்பாரியின் பொன்னையும் முத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வழக்கை விட்டுவிட்ட வடிவம்தான் நம் சுவரொட்டி. ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் குறைந்துவரும் காலத்தில் அந்த வழக்கைச் சொல்லும் பொறுப்பு எழுத்துக்கு வந்திருக்கிறது.

புகழ் பெற்ற தந்தைகளின் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கடினமானது. ஊர் ஏற்கெனவே ஒரு தந்தையைச் செய்து வைத்திருக்கும். 1921இல் பாரதி இறந்தபோது இளைய மகள் சகுந்தலா சிறுமி. மூத்த மகள் தங்கம்மாளும் சகுந்தலாவும் பின்னால் தந்தையைப் பற்றி எழுதியபோது மகாகவி என்ற பேருரு அவர்கள் முன்னால் நின்றது. புதுச்சேரி நாட்களில் மனைவி செல்லம்மாள் சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். நமக்கு அது ஜீவகாருண்யம். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அந்த அடுக்களையில் அது அன்றைய சோறு. இரண்டு பொருளும் ஒரே பிடி அரிசியில் இருக்கின்றன. ஒன்றை மற்றதற்காக அழிக்காமல் வைத்துக்கொள்வது வீட்டாரால்தான் முடியும். பசித்த வீட்டிலிருந்து பார்க்கும்போது பாரதியின் மேல் நமக்குள்ள அன்பு குறைவதில்லை என்பதை நாமே அறிவோம்.

யாழ்ப்பாணத்தார் இந்த விஷயத்தில் நமக்கு முன்னே நிற்கிறார்கள். இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் வந்தவர்களுக்கு ஒரு நூல் கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. முன்பு கல்வெட்டு என்பார்கள், இப்போது நினைவு மலர். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதியைச் சொல்லும் வெண்பா ஒன்று இருக்கும், தேவாரமும் சிவபுராணமும் இருக்கும், வம்சாவளி இருக்கும், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு சில பக்கம் இருக்கும். பதிகங்கள் எங்கும் கிடைக்கும். அந்தச் சில பக்கமும் வம்சாவளியும் வேறெங்கும் கிடைக்கா. எந்தப் பள்ளியில் படித்தார், எந்தக் கடையில் சம்பளத்துக்கு நின்றார், மலேயாவில் எத்தனை காலம் இருந்தார், எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பவை ஒரு குடும்பத்தின் துக்கத்திலிருந்து ஓர் ஊரின் வரலாறாக மாறுகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த மண் அது. பிறகு வந்த போரில் வீடுகளும் காகிதங்களும் போயின. ‘நூலகம்’ என்ற நிறுவனம் இணையத்தில் நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து வைப்பது அதனால்தான் பெரிய காரியம். மலர்களிலும் ‘நற்பண்புகளின் உறைவிடம்’ வகை வாக்கியங்கள் உண்டு. படிக்கிற கண் அவற்றைத் தாண்டி, அவர் புகையிலைத் தோட்டத்துக்கு எப்படித் தண்ணீர் இறைத்தார் என்ற வரியில் போய் நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா, எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இறந்தவர் வந்து மறுப்புச் சொல்ல முடியாது. அவருடைய கடனை, குடியை, ஒரு காலத்துத் தவற்றை ஊர் முன்னால் வைக்கப் பிள்ளைக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் கருணை இருக்கிறது. நான் கேட்பது அம்பலப்படுத்தலை அல்ல. சொல்லாமல் விடுவதும் பொய்யைச் சொல்வதும் வெவ்வேறு. பாரியின் பெண்களும் எவ்வளவோ சொல்லாமல் விட்டார்கள். பொய்யாக ஒன்றும் சேர்க்கவில்லை. குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது குடும்பத்துக்குள் இருக்கட்டும். ஆனால் அந்த ஒன்றை மறைப்பதற்காக மொத்த மனிதரையும் வெள்ளைச் சட்டையில் மூடிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளுக்குத்தானே இதெல்லாம் என்று சொல்வதும் இன்று செல்லாது. கைப்பேசி இல்லாத வீடு குறைவு. பேசத் தெரிந்தால் போதும், பதிவு செய்துகொள்ளலாம். தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறோம். பூட்டனைப் பற்றிப் பெயருக்குமேல் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் நம்மில் பெரும்பாலோருக்கு வாய் வராது. சடங்கு பெயரைக் காத்துத் தந்துவிட்டது. பெயருக்கு உரிய ஆளைக் காப்பதை அது நம்மிடம் விட்டிருக்கிறது.

உங்கள் தந்தையின் அடுத்த திதிக்கு அத்தையோ சித்தப்பாவோ அவரோடு வேலை பார்த்தவரோ வருவார்கள். படையல் முடிந்து இலை எடுத்த பிறகு அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் முதலில் எங்கே வேலைக்குப் போனார், என்ன கூலி, யாரிடம் தொழில் கற்றார், எதற்குப் பயந்தார், எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டுப் போகாமல் இருந்தார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, அடியில் தேதி போட்டு, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது, இந்த ஆண்டே கேளுங்கள்.